முனைவர் பட்டம் படிக்க யார் பணம் கட்டுகிறார்கள்?
துகள் இயற்பியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில விளக்கங்கள்



"நியூட்ரினோ" என்ற சொல்லைத் தெரியாத ஆள் போடியில் இருக்க முடியாது. பொட்டிப்புரம் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்டும் பேச்சு வந்த நாளிலிருந்து டீக்கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் அது அடிபட்ட சொல். ஆனால் அந்த ஆய்வை யார் செய்கிறார்கள், அவர்கள் எங்கே படித்தார்கள், அந்தப் படிப்புக்கு யார் செலவு செய்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. நம் டிரஸ்டுக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் மருத்துவம், பொறியியல், நர்ஸிங் எல்லாம் உண்டு. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிள்ளையின் மனு வருவது அபூர்வம். விசாரித்தால், "மேலே படிக்க லட்சக்கணக்கில் ஆகுமாமே, அதனால் நிறுத்திவிட்டோம்" என்கிறார்கள் பெற்றோர்.

இந்த எண்ணம் தவறானது. நம் நாட்டின் நல்ல ஆராய்ச்சி நிறுவனங்களில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்கு மாணவர் பெரிதாகப் பணம் கட்டுவதில்லை. நிறுவனமோ அரசோ அவருக்கு மாதாமாதம் பணம் தருகிறது. குடும்பத்துக்கும் டிரஸ்டுக்கும் செலவு வருவது அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். இதைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பொட்டிப்புரமும் மதுரையும்

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, மிக மிகக் குறைந்த எடை கொண்ட நுண்துகள். சூரியனிலிருந்தும், விண்வெளிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதாலும் அது இடைவிடாமல் உண்டாகிறது. நம் உடலையும் பூமியையும் எதிலும் மோதாமலே கடந்து போய்விடும். எப்போதாவது ஒன்று மோதும்போது அதைப் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும். மற்ற விண்வெளிக் கதிர்கள் வந்து குழப்பக் கூடாது என்பதற்காகவே தலைக்கு மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும் என்கிறார்கள். போடி மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்.

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதல்ல. காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இருந்து பதிவு செய்தார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன் முதலியோர் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்த வேலை அது. பிற்காலத்தில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. புதிய இடம் தேடியபோது முதலில் நீலகிரியில் சிங்காரா பார்க்கப்பட்டு, புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதால் கைவிடப்பட்டது. அதன் பின் நம் பொட்டிப்புரம் தேர்வானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதன் பிறகு நடந்த எதிர்ப்பும், உயர்நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்சநீதிமன்றம் என்று போன வழக்குகளும் நீங்கள் அறிந்தவை. 2022-ல் தமிழக அரசும் இத்திட்டம் வேண்டாம் என்று உச்சநீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. மலை வேண்டுமா, ஆய்வகம் வேண்டுமா என்ற வாதத்தில் இந்தக் கட்டுரை இறங்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலையில் கட்டடம் வருவதற்கு முன்பே, 2008-ல், இத்திட்டத்துக்கான முனைவர் பட்டப் பயிற்சி தொடங்கிவிட்டது. மாணவர்கள் உதவித்தொகையோடு சேர்க்கப்பட்டு, மும்பையில் ஓராண்டு பாடம் படித்து, பிறகு வெவ்வேறு நிறுவனங்களில் ஆராய்ச்சி செய்தார்கள். பட்டம் தருவது ஹோமி பாபா தேசிய நிறுவனம். மதுரையில் 85 டன் எடையுள்ள ஒரு மாதிரிக் கருவியையும் அமைத்தார்கள். காந்தமாக்கப்பட்ட இரும்புத் தகடுகள்; இடையிடையே வாயு நிரப்பி உயர் மின்னழுத்தம் கொடுத்த கண்ணாடிக் கருவிகள்; அவற்றின் வழியே கடந்து போகும் துகள்களின் தடத்தைக் கணினியில் பதிவு செய்வது: இதுதான் அங்கே நடக்கும் வேலை. அப்படிப் பயின்றவர்கள் முனைவர்களாகி வெளியே போனார்கள். நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம் மதுரை.

மாதம் எவ்வளவு வருகிறது?

மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பெயர் ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சி திருப்தியாக நடந்திருந்தால், முதுநிலை உதவித்தொகையாக மாறி மாதம் 42,000 ரூபாய் ஆகிறது. இது மேலும் மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு ஆண்டுகளில் 8,88,000 ரூபாய். அடுத்த மூன்று ஆண்டுகளில் 15,12,000 ரூபாய். ஆக ஐந்து ஆண்டுகளில் 24 லட்சம் ரூபாய். விடுதி கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், ஆய்வுச் செலவுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. ஐ.ஐ.டி.க்கள், அணுசக்தித் துறையின் நிறுவனங்கள் ஆகியவை தம் மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகையும் இதே அளவை ஒட்டியதுதான்.

நம் பகுதியில் பல வீடுகளின் படிப்பு ஏலக்காய் விலையைப் பார்த்தே நடக்கிறது. விலை ஏறிய ஆண்டு பிள்ளை கல்லூரிக்குப் போகும். இறங்கிய ஆண்டு கமிஷன் கடைக்கோ ஸ்டோருக்கோ வேலைக்குப் போகும். ஜே.ஆர்.எஃப். வாங்கிய பிள்ளையின் படிப்பு இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து விடுபடுகிறது. வட்டிக் கல்விக் கடன் வேண்டாம் என்று தயங்கும் குடும்பங்களுக்கும் இது நிம்மதி. கடனே வாங்க வேண்டியதில்லை.

மவுலானா ஆசாத் உதவித்தொகை நின்ற பிறகு

"சிறுபான்மையினருக்கென்று தனி உதவித்தொகை இருந்ததே?" என்று பலர் கேட்கிறார்கள். மவுலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2009-10-ல் தொடங்கியது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். அளவிலேயே பணம் தந்தது. மற்ற திட்டங்களோடு ஒத்துப்போகிறது என்ற காரணம் சொல்லி 2022-23 முதல் மத்திய அரசு அதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே பெற்று வந்தவர்களுக்கு மட்டும் அவர்களின் காலம் முடியும் வரை தொடர்கிறது. வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும் அதே ஆண்டில் நின்றது.

இது நம் பிள்ளைகளுக்கு இழப்புதான். எனினும், நின்றுபோன திட்டத்தை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. இன்று திறந்திருக்கும் பெரிய வாசல் பொதுத் தேர்வுதான். அந்த வாசலில் நம் சமுதாயத்துக்கு ஓர் ஒதுக்கீடும் இருக்கிறது. அதைக் கீழே காண்க.

எழுத வேண்டிய தேர்வுகள்

எம்.எஸ்சி. இறுதி ஆண்டில் இருக்கும்போதே இவற்றை எழுதலாம்.

1. நெட் தேர்வு. சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. இணைந்து நடத்தும் இத்தேர்வில் 'இயற்பியல் அறிவியல்' ஒரு பிரிவு. ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரு சுற்றுகள். ஜே.ஆர்.எஃப். கிடைப்பது இதன் மூலம்தான். ஜே.ஆர்.எஃப். அளவுக்கு மதிப்பெண் வராவிட்டாலும், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் ஒரு படி இப்போது உண்டு. விரும்பினால் அடுத்த சுற்றில் மறுபடி எழுதலாம்.

2. ஜெஸ்ட் தேர்வு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உள்ளிட்ட பல ஆராய்ச்சி நிறுவனங்கள் இயற்பியலுக்குச் சேர்ந்து நடத்துவது. ஆண்டுக்கு ஒரு முறை.

3. கேட் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும், அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

4. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனச் சேர்க்கை. இதன் தேர்வு முறை அவ்வப்போது மாறுவதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

பி.எஸ்சி. படிப்பவர்கள் முதலில் நல்ல எம்.எஸ்சி.க்குப் போக 'ஜாம்' தேர்வு எழுதலாம். பி.எஸ்சி. முடித்ததுமே ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்தில் சேரும் வழி பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் இருக்கிறது. பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு ஐசர், நைசர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகள் உண்டு. பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய்.

எல்லாத் தேர்வுகளுக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான்: செவ்வியல் இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயற்பியல், கணித முறைகள். மனப்பாடம் இங்கே உதவாது. கணக்குகளைப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகள் என்.பி.டெல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் அவற்றைப் பாருங்கள்.

சான்றிதழில் ஏமாந்துவிடாதீர்கள்

இந்தப் பகுதியைப் பெற்றோர் இருமுறை படிக்கவும். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் தமிழக அரசின் பி.சி.எம். சாதிச் சான்றிதழ். மாநிலக் கல்லூரிச் சேர்க்கைக்கு அது போதும். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு அது செல்லாது. அங்கே ஓ.பி.சி. - கிரீமி லேயர் அல்லாதவர் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள்.

குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இந்த வரம்புக்குப் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்த்துக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் காபி, தேயிலை, ரப்பர் போன்ற தோட்டங்களின் வருமானத்துக்கு விதி வேறு. மலையில் ஏலத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தாசில்தார் அலுவலகத்தில் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்வு அறிவிப்பும் சொல்லும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். ஓ.பி.சி. பிரிவுக்கு ஜே.ஆர்.எஃப். தகுதி மதிப்பெண் தனியாக நிர்ணயிக்கப்படுகிறது. வயது வரம்பிலும் தளர்வு உண்டு. ஒரு காகிதம் இல்லாததால் இவ்வளவும் கை நழுவக் கூடாது.

எங்கே விண்ணப்பிப்பது?

தேர்வில் தேறுவது பாதி வழி. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போக வேண்டும். துகள் இயற்பியலுக்கு நமக்கு அருகில் இருப்பவை சென்னையின் கணித அறிவியல் நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். வடக்கே மும்பை டாடா நிறுவனம், கொல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம், பிரயாக்ராஜ் ஹரிஷ்-சந்திரா நிறுவனம், புவனேசுவரம் நைசர் ஆகியவை இருக்கின்றன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் இத்துறையில் இருக்கிறது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் 'ஆலிஸ்' பரிசோதனையில் அதன் இயற்பியல் துறை பங்கேற்கிறது. சென்னை ஐ.ஐ.டி. அதே ஆய்வகத்தின் 'சி.எம்.எஸ்.' பரிசோதனையில் பங்கு பெறுகிறது. 2017 முதல் இந்தியா செர்ன் அமைப்பின் இணை உறுப்பு நாடு.

விண்ணப்பத்தில் முக்கியமானது பரிந்துரைக் கடிதம். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று மட்டும் எழுதிய கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. உங்கள் பிள்ளை ஒரு வேலையைச் செய்து முடித்ததை நேரில் பார்த்த பேராசிரியர் எழுத வேண்டும். அதற்கு வழி கோடைக்காலப் பயிற்சி. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்தில் கல்லூரி மாணவர்களை இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் அனுப்புகிறார்கள். உதவித்தொகையும் பயணச் செலவும் தருகிறார்கள். போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியிலோ, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியிலோ படிக்கும் பிள்ளையும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

நேர்காணலில் அடிப்படையிலிருந்துதான் கேட்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் பயப்பட வேண்டாம். கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்த இடத்திலிருந்து யோசித்துக் காட்டுகிற பிள்ளையை அவர்களுக்குப் பிடிக்கும்.

வெளிநாடு என்றால்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொண்டால், வகுப்பு எடுப்பதற்கோ ஆராய்ச்சியில் உதவுவதற்கோ ஊதியம் தந்து, கல்விக் கட்டணத்தையும் அவர்களே ஏற்பது பொதுவான வழக்கம். ஜெர்மனியில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். அமெரிக்காவுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும்.

ஆகவே இயற்பியல் முனைவர் பட்டத்துக்கு இத்தனை லட்சம் கட்டு, வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் எவராவது வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உதவித்தொகை இல்லாத சேர்க்கைக் கடிதம் வந்தால், அதை நம்பித் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகள்

பி.எஸ்சி. இயற்பியல் வகுப்புகளில் நம் பெண் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் படிப்பு நின்றுவிடுகிறது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது: மேலே சொன்ன நிறுவனங்களில் விடுதி உண்டு. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. யு.ஜி.சி. விதிப்படி முனைவர் பட்ட காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம்; பட்டத்தை முடிக்கும் காலக்கெடுவிலும் கூடுதலாக 2 ஆண்டுகள் தரப்படும். திருமணமா படிப்பா என்று அத்தாவும் அம்மாவும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் உண்மையில் தேவைப்படும் இடம்

முனைவர் பட்டத்துக்கு முன்னால் வரும் செலவுகள் இவை:

1. எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும்.
2. எம்.எஸ்சி. முடித்த பிறகு, தேர்வு எழுதிக் காத்திருக்கும் ஓர் ஆண்டு. வீட்டுக்கு வருமானம் கொண்டு வராமல் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் காலம் இது. பெரும்பாலோர் விழுவது இங்கேதான்.
3. தேர்வுக் கட்டணங்கள், நேர்காணலுக்கு மும்பை, கொல்கத்தா போய் வரும் செலவு.
4. ஒரு மடிக்கணினி.
5. சேர்ந்த பிறகு முதல் உதவித்தொகை கைக்கு வரும் வரையான சில மாதங்கள். காகித வேலையால் இது தாமதமாவது உண்டு.

இவற்றில் இரண்டாவதும் ஐந்தாவதும் எந்த அரசுத் திட்டத்திலும் அடங்காதவை. ஜமாஅத்தும் பைத்துல்மாலும் டிரஸ்டும் செல்வந்தர்களும் கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான். ஐந்தாவது செலவுக்கு வட்டியில்லாத அழகிய கடனே பொருத்தம். மாதம் 37,000 வாங்கத் தொடங்கும் பிள்ளை அதைத் திருப்பித் தந்துவிட முடியும், அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். வசதியற்ற மாணவருக்கு ஸகாத் நிதியிலிருந்து தரலாமா என்பதை அவரவர் நிலையைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யவும். ஸதகா, நன்கொடை நிதிக்கு அந்தக் கேள்வி இல்லை.

கடைசியாக ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு ஐந்து ஆறு ஆண்டுகள் பிடிக்கும். முடித்ததும் உடனே பேராசிரியர் வேலை கிடைத்துவிடாது. பலர் இன்னும் சில ஆண்டுகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. ஆனால் மின்னணுக் கருவி, கணினி நிரல், பெருந்தரவு ஆகியவற்றில் இவர்கள் பெறும் பயிற்சிக்கு வேறு துறைகளிலும் வேலை இருக்கிறது. ஏலச்செடி நட்டவுடன் காய்ப்பதில்லை; இரண்டு மூன்று ஆண்டு பொறுத்துத்தான் பறிக்கிறோம். அந்தப் பொறுமையை நாம் பிள்ளைகளிடமும் காட்டலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால், மதிப்பெண் பட்டியலோடும் சாதிச் சான்றிதழோடும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று ஓர் அட்டவணை போட்டுத் தருகிறோம். ஓ.பி.சி. சான்றிதழுக்கான படிவத்தையும் அங்கேயே பூர்த்தி செய்துவிடலாம். இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டு வரும் கல்வி உதவி மனுக்களில் ஒன்றாவது "தேர்வு எழுத ஓர் ஆண்டு அவகாசம் வேண்டும்" என்று கேட்பதாக இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்